15 நொடிக் கூத்து

ராத்திரி ஒன்பதரை மணி. அண்ணாச்சி கடை ஷட்டரைப் பாதி இறக்கியாயிற்று. மிளகாய்வற்றல் மூட்டைக்கும் எண்ணெய் டின்னுக்கும் நடுவே பில் மேஜை. அதன்மேல் அன்று சாயங்காலம் வந்திறங்கிய புதுக் கம்ப்யூட்டர். திரை நடுவில் ஒரு சாம்பல் பெட்டி. அதற்குள் சிவப்பு வட்டம். வட்டத்துக்குள் வெள்ளைப் பெருக்கல் குறி.

“என்ன தம்பி, பழைய பெட்டியில நல்லாத்தான ஓடிச்சு? இதுல ஏன் வரமாட்டேங்கு?”

“பாத்துருவோம் அண்ணாச்சி. ஒரு டீ மட்டும் சொல்லுங்க.”

டீ வருவதற்குள் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அந்தச் சிவப்பு வட்டத்தைப் பார்த்தால் எனக்குக் கை பரபரக்கும். சின்ன வயதில் கோயில் கொடைக்குப் போனால் கணியான் கூத்து நடக்கும் இடத்தில் நான் உட்கார்ந்ததே கிடையாது. ஆடப்போகிறவர்கள் சலங்கை கட்டிக்கொள்ளும் மூலைக்கு ஓடிவிடுவேன். யார் எதை எப்படிக் கட்டுகிறார்கள், எந்த முடிச்சு முதலில் என்பதெல்லாம் எனக்குத் தெரிந்தாகவேண்டும். ‘டேட்டாபேஸ் கனெக்ட் ஆகவில்லை’ என்று எந்தக் கடையில் இருந்து போன் வந்தாலும் அதே ஓட்டம்தான் ஓடுகிறேன். வாருங்கள், உங்களையும் கூட்டிப்போகிறேன்!

பில் சாஃப்ட்வேர் என்று நீங்கள் பார்ப்பது பொத்தான்களும் கட்டங்களும் கொண்ட முகம் மட்டும்தான். சரக்குப் பெயர், விலை, கடன் பாக்கி எல்லாம் டேட்டாபேஸில் தனியாக இருக்கும். முகம் அதைத் தேடிப் போகவேண்டும். போகும் வழி ஒரே ஒரு வரியில் எழுதியிருக்கும். அதற்குப் பெயர் கனெக்ஷன் ஸ்ட்ரிங். எந்த சர்வர், எந்த டேட்டாபேஸ், வருவது யார், கையில் என்ன பாஸ்வேர்ட் என்று எல்லாம் அதில் உண்டு. டாட்நெட்டில் எழுதிய புரோகிராம் எஸ்க்யூஎல் சர்வரைத் தேடிப் போனால், நாம் வேறு கணக்குச் சொல்லாதவரை 15 நொடி பொறுத்துப் பார்க்கும். அந்த 15 நொடிக்குள் எத்தனை கதவு, எத்தனை காவல், எத்தனை கேள்வி! கூத்து முழுக்க அங்கேதான்.

அண்ணாச்சி கடையில் சர்வர் கிடையாது. 2006-இல் நான் எழுதிக்கொடுத்த புரோகிராம். சரக்கெல்லாம் ஒரே ஒரு ஆக்சஸ் கோப்பில். புது விண்டோஸ் முதலில் டாட்நெட் 3.5 வேண்டும் என்று கேட்டது, கொடுத்தோம். அடுத்து வந்ததுதான் இந்தச் சாம்பல் பெட்டி. ‘மைக்ரோசாஃப்ட் ஜெட் ஓஎல்இடிபி 4.0 என்ற புரொவைடர் இந்த இயந்திரத்தில் பதிவு செய்யப்படவில்லை’ என்கிறது. பார்த்தவுடன் எல்லாரும் என்ன நினைப்பார்கள்? ஆக்சஸ் கோப்பைப் படித்துக் கொடுக்கும் ஜெட் காணோம், எங்கேயாவது தேடி இறக்கிப் போடவேண்டும் என்று. ஆனால் ஜெட் அதே விண்டோஸுக்குள்தான் இருக்கிறது! ஜெட்டுக்கு 32-பிட் வடிவம் மட்டும்தான் உண்டு, 64-பிட்டில் அது வந்ததே இல்லை. என் புரோகிராமையோ ‘எந்த இயந்திரம் ஆனாலும் சரி’ என்ற அமைப்பில் கட்டியிருந்தேன். பழைய பெட்டி 32-பிட். இரண்டும் ஒரே மொழி பேசின. புதுப் பெட்டி 64-பிட். புரோகிராம் தானும் 64-பிட்டாக எழுந்து நின்று, பக்கத்து அறையில் இருக்கும் ஜெட்டைக் காணோம் என்கிறது. லேப்டாப்பைத் திறந்து, கட்டும் இலக்கை எக்ஸ்86, அதாவது 32-பிட், என்று மாற்றி, மறுபடி கட்டி, பென்டிரைவில் கொண்டுவந்து போட்டேன். சிவப்பு வட்டம் போயிற்று.

இந்த 32, 64 விவகாரத்தில் ஓர் அழகான இடம் இருக்கிறது. 64-பிட் விண்டோஸில் ஓடிபிசி என்ற வழியில் டேட்டாபேஸ் இணைப்புகளை அமைக்கும் கருவி இரண்டு உண்டு. கோப்பின் பெயர் இரண்டுக்கும் ஒன்றே. பெயரிலேயே 32 என்று இருக்கும். 64-பிட் கருவி குடியிருப்பது சிஸ்டம்32 ஃபோல்டரில். 32-பிட் கருவி குடியிருப்பது சிஸ்வாவ்64 ஃபோல்டரில். ஆமாம், தலைகீழாக! அதற்கும் காரணம் உண்டு. 64-பிட் விண்டோஸ் வந்தபோது, உலகம் முழுக்க எழுதப்பட்டிருந்த புரோகிராம்கள் ‘சிஸ்டம்32’ என்ற பெயரை நேரடியாகத் தங்களுக்குள் எழுதிவைத்திருந்தன. அவற்றை 64-பிட்டுக்கு மாற்றிக் கட்டும்போது உடையக்கூடாது என்பதால், சொந்த வீட்டின் பெயரை அப்படியே விட்டுவிட்டார்கள். வாவ்64 என்பதன் பொருள் 64-பிட் விண்டோஸின் மேல் ஓடும் 32-பிட் விண்டோஸ். ஒரு கருவியில் இணைப்பை அமைத்துவிட்டு, இன்னொரு பிட்டில் ஓடும் புரோகிராமில் அதைத் தேடி ராத்திரி முழுக்க உட்கார்ந்திருப்பவர்கள் எத்தனை பேர்! ‘டேட்டா சோர்ஸ் நேம் நாட் ஃபவுண்ட்’ என்று வந்தால் முதலில் இந்த இரண்டு வீட்டையும் பாருங்கள்.

அண்ணாச்சி கடைக்குத் திரும்புவோம். புரோகிராம் திறந்துகொண்டது. அண்ணாச்சி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எட்டிப் பார்த்தார்.

“தம்பி... இதுல பாக்கிக் கணக்கு ஒண்ணையும் காணோமே?”

உண்மைதான். சரக்குப் பட்டியல், நான் முதன்முதலில் கொடுத்தபடி நாற்பது உருப்படியோடு நிற்கிறது. அத்தனை வருடப் பில்லும் இல்லை. பழைய பெட்டியில் புரோகிராம் ஃபைல்ஸ் ஃபோல்டரில் இருந்து அந்தக் கோப்பை எடுத்துவந்தது அவர் மகன். கோப்பு சரியான கோப்புதான், பெயரும் சரிதான். அந்த நிமிடம் எனக்கு உள்ளுக்குள் மணி அடித்தது. இது எனக்கு மிகப் பிடித்த மர்மம்!

விண்டோஸ் விஸ்டா 2007-இல் கடைக்கு வந்தபோது ஒரு புது ஏற்பாட்டைக் கொண்டுவந்தது. புரோகிராம் ஃபைல்ஸுக்குள் சாதாரணமாக யாரும் எழுதக்கூடாது. சரி, ஆனால் அதற்கு முன்னால் எழுதப்பட்ட ஆயிரமாயிரம் புரோகிராம்கள் தங்கள் டேட்டாவை அங்கேயே வைத்துப் பழகியிருந்தனவே? எழுதவிடாவிட்டால் எல்லாம் நின்றுபோகும். அதனால் அந்தப் பழைய 32-பிட் புரோகிராம் எழுதப் போகும்போது, விண்டோஸ் சத்தமில்லாமல் கையைப் பிடித்து வேறிடத்துக்குத் திருப்பிவிடும். அந்த இடத்தின் பெயர் வர்ச்சுவல்ஸ்டோர். லாகின் செய்திருப்பவரின் சொந்த ஃபோல்டருக்குள், ஆப்டேட்டா என்ற மறைவான அறையில் இருக்கும். புரோகிராமுக்கே இது தெரியாது. அது தன் வீட்டில்தான் எழுதுகிறோம் என்று நம்பிக்கொண்டிருக்கும். ஒரே கம்ப்யூட்டரில் அப்பா ஒரு லாகின், மகன் ஒரு லாகின் வைத்திருந்தால், இருவருக்கும் இரண்டு தனித்தனிக் கணக்குப் புத்தகம் வளரும். கடையில் அதை வைத்துச் சண்டையே வரும்.

பழைய பெட்டியில் விண்டோஸ் 7. மறுபடி வயரை மாட்டி, ஓடவிட்டு, மறைந்த ஃபோல்டர்களைக் காட்டச் சொல்லி, ஒவ்வொன்றாக உள்ளே போனேன். லோக்கல், வர்ச்சுவல்ஸ்டோர், புரோகிராம் ஃபைல்ஸ், நம் ஃபோல்டர். அங்கே இருந்தது! முந்தின நாள் தேதியோடு, பருத்துப்போய், ஒரு பில் குறையாமல். அண்ணாச்சி ஒன்றும் பேசவில்லை. எழுந்து போய்க் கல்லாவுக்குப் பின்னால் இருந்த பாட்டிலில் கை விட்டு எனக்கு ஒரு கடலைமிட்டாய் எடுத்துக் கொடுத்தார். இந்தமுறை கோப்பை எல்லாருக்கும் பொதுவான புரோகிராம்டேட்டா ஃபோல்டரில் வைத்தேன். டேட்டாவுக்கு உரிய இடம் அதுதான். புரோகிராம் இருக்கும் இடத்தில் டேட்டா இருக்கக்கூடாது.

மூன்று நான்கு கவுன்ட்டர் போட்ட கடை என்றால் ஆக்சஸ் கோப்பை நான் நம்பமாட்டேன். எஸ்க்யூஎல் சர்வர் எக்ஸ்பிரஸ் போடுவோம், காசு கிடையாது. அங்கே கூத்து இன்னும் பெரிது. ஒரே கம்ப்யூட்டரில் இந்த சர்வர் பல பெயர்களில் ஓடலாம். எக்ஸ்பிரஸுக்கு வழக்கமான பெயர் எஸ்க்யூஎல்எக்ஸ்பிரஸ். இரண்டாவது கவுன்ட்டரில் இருந்து புரோகிராம் கிளம்பினால், முதலில் சர்வர் இருக்கும் இயந்திரத்தின் 1434 என்ற யூடிபி போர்ட்டில் போய் நிற்கும். அங்கே எஸ்க்யூஎல் பிரவுசர் என்று ஒரு சேவை. தெருமுனைக் கடைக்காரரிடம் வீடு விசாரிப்பது மாதிரி, ‘எஸ்க்யூஎல்எக்ஸ்பிரஸ் எந்தக் கதவுக்குள் இருக்கிறது?’ என்று கேட்கும். அவர் ஒரு போர்ட் எண்ணைச் சொல்வார். அந்தக் கதவைப் போய்த் தட்டவேண்டும். பிரவுசர் சேவை ஓடாவிட்டால், அல்லது ஃபயர்வால் அந்த யூடிபி கேள்வியை விழுங்கிவிட்டால், வரும் எரர் 26. பெயர் இல்லாத வழக்கமான நிறுவலில் இந்த விசாரணையே இல்லை, நேராக 1433. மைஎஸ்க்யூஎல் என்றால் 3306, போஸ்ட்கிரஸ் என்றால் 5432.

எக்ஸ்பிரஸைப் புதிதாகப் போட்டவர்களைக் கலங்கடிக்கும் இன்னொன்று: அதன் டிசிபி கதவு நிறுவும்போதே பூட்டியபடிதான் வரும். அதே இயந்திரத்தில் இருந்து எல்லாம் ஓடும். பக்கத்து மேஜையில் இருந்து ஒன்றும் ஓடாது. கான்ஃபிகரேஷன் மேனேஜருக்குள் போய்த் திறந்துவிட்டு, சேவையை ஒருமுறை நிறுத்தி எழுப்பவேண்டும். ஏன் இந்தத் தொல்லை என்று கேட்பவர்களுக்கு நான் 2003 ஜனவரி 25-ஐச் சொல்வேன். சனிக்கிழமை, இந்திய நேரம் காலை 11 மணி வாக்கில், ஸ்லாமர் என்ற புழு கிளம்பியது. அதன் மொத்த உடம்பும் 376 பைட். அது நுழைந்த கதவு எது தெரியுமா? அதே 1434! ஆரம்பத்தில் எட்டரை நொடிக்கு ஒருமுறை இரட்டிப்பாகியது. தாக்கப்படக்கூடிய இயந்திரங்களில் பத்தில் ஒன்பது பங்கு, பத்தே நிமிடத்தில் விழுந்தன. மொத்தம் விழுந்தவை குறைந்தது 75,000. ஓட்டையை அடைக்கும் திருத்தம் 2002 ஜூலையிலேயே வந்துவிட்டது. ஆனால் எம்எஸ்டிஇ என்ற குட்டி சர்வர், பல டெஸ்க்டாப் சாஃப்ட்வேர்களுக்குள் ஒட்டிக்கொண்டு வந்து சேர்ந்திருந்தது. தன் மேஜையில் ஒரு டேட்டாபேஸ் சர்வர் ஓடுவதே தெரியாதவர், அதற்குத் திருத்தம் போடுவாரா? இதைத் தெரிந்துகொண்ட பிறகு பூட்டி வரும் கதவு எனக்குத் தொல்லையாகத் தெரியவில்லை. அது சரியான முடிவு.

இப்போது நான் எல்லாருக்கும் சொல்லித்தர ஆசைப்படும் விஷயத்துக்கு வருகிறேன். எரர் எண் என்பது எத்தனை கதவு தாண்டியிருக்கிறோம் என்று காட்டும் மைல்கல். 26 வந்தால் இன்னும் தெருவிலேயே நிற்கிறோம். 18456 வந்தால் நான் நாற்காலியில் இருந்து துள்ளுவேன்! ‘லாகின் தோல்வி’ என்றுதான் அதில் எழுதியிருக்கும். பார்ப்பவர் முகம் வாடிவிடும். ஆனால் யோசித்துப் பாருங்கள். நெட்வொர்க் சரி, ஃபயர்வால் சரி, போர்ட் சரி, சர்வர் உயிரோடு இருக்கிறது, நம்மோடு பேசவும் செய்கிறது. உள்ளே விடும் அனுமதி மட்டும்தான் பாக்கி. 4060 என்றால் வீட்டுக்குள்ளேயே வந்தாயிற்று. கேட்ட டேட்டாபேஸ் இல்லை, அல்லது அதற்குள் போக நமக்கு அனுமதி இல்லை.

18456-க்குள் இன்னொரு ரகசியமும் இருக்கிறது. வெளியில் நிற்பவருக்கு அது எப்போதும் ‘ஸ்டேட் 1’ என்று மட்டும் சொல்லும். ஏனென்றால் பெயர் தப்பா, பாஸ்வேர்ட் தப்பா என்று முகம் தெரியாதவனிடம் சொன்னால் திருடனுக்குப் பாதி வேலை முடிந்துவிடும். உண்மையான காரணத்தை சர்வர் தன் சொந்த எரர் லாக் கோப்பில் எழுதிவைக்கும். அங்கே 5 என்றால் அந்தப் பெயரில் ஆளே இல்லை. 8 என்றால் பாஸ்வேர்ட் தப்பு. 58 என்றால், விண்டோஸ் பயனர்களை மட்டும் சேர்க்கும் சர்வரிடம் போய் நாம் பெயரும் பாஸ்வேர்டும் நீட்டுகிறோம். நிறுவும்போது யாரும் மாற்றாவிட்டால் சர்வர் அப்படித்தான் இருக்கும்.

எண்ணே இல்லாமல், வெறும் கடிகாரத்தை வைத்தும் நோய் சொல்லலாம். தோல்வி ஓரிரு நொடியில் வந்தால், இயந்திரம் இருக்கிறது, அந்தக் கதவுக்குப் பின்னால் ஆள் இல்லை. போர்ட் தப்பு, இல்லையென்றால் சேவை ஓடவில்லை. முழு நேரமும் உருட்டிவிட்டு வந்தால், நம் தட்டல் போய்ச்சேரவே இல்லை, பெரும்பாலும் ஃபயர்வால். இரண்டாவது கவுன்ட்டரில் உட்கார்ந்து ‘ஒண்ணு, ரெண்டு, மூணு’ என்று எண்ணுவது என் வழக்கம். பக்கத்தில் நிற்கும் கடைப்பையனும் சேர்ந்து எண்ணுவான்.

சட்டைப்பையில் வைத்துத் திரியத்தக்க ஒரு கருவியும் உண்டு. டெஸ்க்டாப்பில் ஒரு வெற்று டெக்ஸ்ட் கோப்பை உருவாக்குங்கள். அதன் கடைசி மூன்றெழுத்தை யூடிஎல் என்று மாற்றுங்கள். உடனே ஐகான் மாறும். இரட்டைக் கிளிக் செய்தால் ஒரு ஜன்னல் திறந்து, புரொவைடர் எது, சர்வர் எது, யார், பாஸ்வேர்ட் என்ன என்று கேட்கும். கீழே ‘டெஸ்ட் கனெக்ஷன்’ என்று ஒரு பொத்தான். ஒரு வரி கோடு எழுதாமல், குற்றம் புரோகிராமிலா, நெட்வொர்க்கிலா என்று முடிவு கட்டிவிடலாம். இன்னும் சுவை எங்கே தெரியுமா? சேமித்துவிட்டு அதே கோப்பை நோட்பேடில் திறந்தால், பிழையில்லாத ஓஎல்இடிபி கனெக்ஷன் ஸ்ட்ரிங் உள்ளே எழுதப்பட்டிருக்கும். ஓஎல்இடிபி வழியாகப் போகும் புரோகிராம் என்றால் எடுத்து ஒட்டிக்கொள்ள வேண்டியதுதான்.

கல்லூரிப் பிள்ளைகள் வருவார்கள். ஃபைனல் இயர் புராஜெக்ட், மறுநாள் வைவா. “அண்ணா, சேவ் ஆகுதுண்ணா. கிரிட்ல காட்டுது. மூடிட்டுத் திறந்தா போயிடுதுண்ணா.” குரல் நடுங்கும். விஷுவல் ஸ்டூடியோவில் டேட்டாபேஸ் கோப்பை புராஜெக்ட்டுக்குள்ளேயே சேர்த்திருப்பார்கள். அதன் குணங்களில் ‘காப்பி டு அவுட்புட் டைரக்டரி’ என்ற வரியில் ‘காப்பி ஆல்வேஸ்’ என்று இருக்கும். அதாவது புராஜெக்ட்டைக் கட்டும் ஒவ்வொரு முறையும் மூலக்கோப்பின் நகல், ‘பின்’ என்ற ஃபோல்டருக்குள் இருக்கும் ‘டீபக்’ ஃபோல்டரில் போய் உட்காரும். புரோகிராம் எழுதுவது அந்த நகலில். அடுத்தமுறை கட்டும்போது வெற்று மூலம் வந்து எழுதிய நகலை மூடிவிடும். டேட்டா ஒவ்வொரு முறையும் உண்மையாகவே சேமிக்கப்படுகிறது. ஒவ்வொரு முறையும் புதைக்கப்படுகிறது! அந்த வரியை ‘காப்பி இஃப் நியூவர்’ என்று மாற்றச் சொல்வேன். மாற்றி, கட்டி, மூடி, திறந்து, பெயர் அப்படியே நிற்பதைப் பார்க்கும்போது அந்தப் பிள்ளையின் முகம் இருக்கிறதே, அதைப் பார்க்கவாவது நான் இந்தத் தொழிலில் இருப்பேன்.

சர்வர் இல்லாமல் ஒரே கோப்பில் ஓடும் டேட்டாபேஸான எஸ்க்யூலைட்டிலும் இதன் சொந்தக்காரன் ஒருவன் உண்டு. நாம் கொடுத்த பாதையில் கோப்பு இல்லை என்றால், வழக்கமாக எஸ்க்யூலைட் முறையிடாது. அதே பெயரில் புதிதாக ஒரு வெற்றுக்கோப்பைத் திறந்துகொள்ளும். கனெக்ஷன் வெற்றி. அடுத்த வரியில் ‘நோ சச் டேபிள்’. கோப்பின் அளவைப் பாருங்கள். பூஜ்யம் என்றால் பாதை தப்பு. நிஜ எஸ்க்யூலைட் கோப்பை எந்த எடிட்டரில் திறந்தாலும் முதல் 16 பைட்டில் தன் பெயரையும் ‘ஃபார்மேட் 3’ என்பதையும் சொல்லிவிடும்.

எஸ்க்யூலைட் பிறந்த கதை தெரியுமா உங்களுக்கு? 2000-ஆம் ஆண்டு. ரிச்சர்ட் ஹிப் என்ற அமெரிக்கர், ஜெனரல் டைனமிக்ஸ் நிறுவனத்துக்காக, அமெரிக்கக் கடற்படையின் ஏவுகணைப் போர்க்கப்பல் ஒன்றுக்கான சாஃப்ட்வேரில் வேலை செய்துகொண்டிருந்தார். கப்பல் அடிபட்டால் சேதத்தைச் சமாளிக்கும் வேலை அதற்கு. டேட்டா இன்ஃபார்மிக்ஸ் சர்வரில். அந்த சர்வர் படுத்துவிட்டால், ஹிப்பின் புரோகிராம் ‘டேட்டாபேஸுடன் இணைய முடியவில்லை’ என்று பெட்டி போடும். சர்வர் அவருடையது இல்லை, பெட்டி அவருடையது. திட்டும் அவருக்கே. அப்போதுதான் சர்வரே இல்லாமல் கோப்பை நேராகப் படித்தால் என்ன என்று அவருக்குத் தோன்றியது. அதே ஆகஸ்டில் முதல் வடிவம் வெளியானது. இன்று ஒவ்வொரு ஆண்ட்ராய்டு போனிலும் ஐபோனிலும் அது இருக்கிறது. யாருக்கும் உரிமைத்தொகை கிடையாது. அண்ணாச்சி கடையில் பார்த்த சாம்பல் பெட்டியின் பங்காளி ஒன்றில் இருந்து பிறந்ததுதான் உங்கள் சட்டைப்பையில் கிடக்கிறது!

நம் மொழிக்கே உரிய ஒன்றைச் சொல்லாமல் விட மனசில்லை. எல்லாக் கதவும் தாண்டி, கனெக்ஷன் கிடைத்து, ‘புளி’ என்று சரக்குப் பெயர் அடித்துச் சேமித்தால், பில்லில் நான்கு கேள்விக்குறி வருவதைப் பார்த்திருப்பீர்கள். எஸ்க்யூஎல் சர்வரில் சரக்குப் பெயருக்கான பத்தியை வார்கேர் என்று அமைத்திருப்பார்கள். தமிழ் எழுத்து வழக்கமாக அதன் எழுத்துப் பட்டியலில் இருக்காது. என்வார்கேர் என்று மாற்றவேண்டும். எஸ்க்யூஎல் கேள்விக்குள் பெயரை நேராக எழுதினால் மேற்கோளுக்கு முன்னால் ஓர் ‘என்’ எழுத்தும் போடவேண்டும். ஏன் நான்கு? ப, உகரக் குறி, ள, இகரக் குறி. நாம் இரண்டெழுத்து என்று படிப்பதை யூனிகோடு நான்காக எண்ணுகிறது; ஒவ்வொன்றும் ஒரு கேள்விக்குறியாக விழுந்திருக்கிறது. விழுந்தது விழுந்ததுதான். டேட்டாபேஸுக்குள் இருப்பது நிஜமாகவே கேள்விக்குறி. அதில் இருந்து புளியை மீட்க வழியில்லை. கடை திறக்கும் முன், முதல் நாளே ஒரு தமிழ்ப் பெயரைச் சேமித்துப் பார்த்துவிடுங்கள்.

அண்ணாச்சி கடையைப் பூட்டும்போது மணி பதினொன்றே கால். கடைசியாக ஒரு சோதனைப் பில் போட்டோம்: அரைக் கிலோ புளி, ஒரு கிலோ உப்பு. பிரின்டர் கரகரவென்று தள்ளியது.

கடைக்காரர்களுக்கும் மாணவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். சாம்பல் பெட்டி வந்தால் பதறி ஓகே அழுத்திவிடாதீர்கள். விண்டோஸை மறுபடி போடவும் வேண்டாம். பெட்டியை முழுதாக, எண் தெரிகிற மாதிரி போனில் படம் பிடியுங்கள். எத்தனை நொடியில் வந்தது என்று பக்கத்தில் எழுதுங்கள். இரண்டையும் சேர்த்து, உங்களுக்கு சாஃப்ட்வேர் எழுதிக்கொடுத்தவருக்கு அனுப்புங்கள்.